பாடியவர், பாடக் கற்பித்தவர் – லோட்டே லேமன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

உலகில் பாடிப் புகழ் பெற்றோர் பலர். பாடக் கற்பித்துப் புகழ் பெற்றோர் சிலர். முதலில் பாடிப் புகழின் உச்சியைத் தொட்டு, குரல் ஓய்ந்த காலத்தில் பிறருக்குக் கற்பித்து அதே அளவு புகழ் பெற்றோர் மிகச் சிலரே. அந்த மிகச் சிலருள் ஒருவர் லோட்டே லேமன் என்னும் ஜெர்மன் நாட்டுப் பாடகியார். இப்பெயர் நம் கல்லூரியில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். எனக்கும் சென்ற ஆண்டு வரை புதிதுதான். ஒலியியல் பாடத்தைப் படித்தபோது, ஒலிபெருக்கியின் துணையின்றி மனிதக் குரல் ஒரு பேரரங்கின் கடைசி வரிசை வரை எப்படிச் செல்கிறது என்று அறிந்துகொள்ள விரும்பினேன். அந்தத் தேடலில்தான் இவ்வம்மையாரின் வரலாறு எனக்குக் கிடைத்தது. தேடிச் சென்றது ஒலியைப் பற்றி. கிடைத்ததோ ஒரு மாணவியின் கதை, ஓர் ஆசிரியரின் கதை. அதனை நம் மாணவ நண்பர்களும் பேராசிரியப் பெருமக்களும் அறிய வேண்டும் என்னும் ஆவலால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஆப்பராவும் சொப்ரானோவும்

மேலைநாட்டு இசைநாடகத்தை ஆப்பரா என்பர். அதில் கதைமாந்தர் பேசுவதைவிடப் பாடுவதே மிகுதி. காதலையும் சினத்தையும் மரணத்தையும் பாடியே காட்டுவர். பெண் குரல்களில் மிக உயர்ந்த சுருதியில் ஒலிப்பது சொப்ரானோ எனப்படும். நம் பாடமொழியில் கூறினால், ஏறத்தாழ 262 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலிருந்து 1047 ஹெர்ட்ஸ் வரை, அதாவது இரண்டு முழு ஸ்தாயிகள் அக்குரல் தடையின்றி ஏறி இறங்க வேண்டும். மேடைக்கு முன்னே உள்ள பள்ளத்தில் வயலின்களும் குழல்களும் எக்காளங்களும் முரசுகளுமாக நூறு பேர் அளவிலான வாத்தியக் குழு முழங்கும். அத்தனை முழக்கத்தையும் மீறி, ஒலிவாங்கி எதுவும் இல்லாமல், ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து எழும் ஒலி மேல்மாடத்தில் நிற்பவர் செவியில் தெளிவாக விழ வேண்டும். வலிமை மட்டும் இருந்தால் போதாது. பொருளும் உணர்ச்சியும் சேர்ந்து விழ வேண்டும். இத்தகைய கலையில்தான் லோட்டே லேமன் தம் காலத்தின் முன்னணியில் நின்றார்.

பிறப்பும் இளமையும்

லோட்டே லேமன் 1888-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27-ஆம் நாள், பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் இடையே உள்ள பெர்லேபெர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஒரு சிறிய அலுவலர். அளந்து செலவு செய்யும் குடும்பம். தம் மகள் பிற்காலத்தில் ஓய்வூதியம் தரும் நிலையான வேலை ஒன்றில் அமர வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். மேடை, பாட்டு என்பனவெல்லாம் அவர் கணக்கில் இல்லாதவை. அந்தத் தந்தையை நாம் குறை கூற முடியாது. மாதச் சம்பளத்தின் அருமையை அறிந்த எந்த வீட்டிலும் பெற்றோர் இப்படித்தான் எண்ணுவர்.

குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது. வீட்டில் லோட்டே பாடுவதைக் கேட்ட அண்டை வீட்டார் ஒருவர், இக்குரலைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று தூண்டினார். அதன் பயனாக அவர் பெர்லின் அரசு இசைக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் எட்டெல்கா கெர்ஸ்டர் என்னும் பெயர்பெற்ற பாடகியார் நடத்திய பாட்டுப் பள்ளிக்கு மாறினார். அக்காலத்தில் அப்பள்ளியில் இடம் பெறுவது பெரும்பேறாகக் கருதப்பட்டது.

வெளியேற்றப்பட்ட மாணவி

பெரும்பேறு என்று எண்ணிய இடமே அவருக்குப் பெருந்துன்பமாயிற்று. அங்கே அவருக்குப் பாடம் சொன்னவர் கெர்ஸ்டர் அம்மையாரிடம் பணிபுரிந்த ஆசிரியை ஒருவர். எல்லா மாணவியர்க்கும் ஒரே முறை, ஒரே அச்சு. அந்த அச்சில் லோட்டேயின் குரல் அடங்கவில்லை. அடக்க அடக்கக் குரல் இறுகியது. இயல்பாகப் பாடி வந்த பெண், சில மாதங்களில் பாட வாய் திறக்கவே அஞ்சும் நிலையை அடைந்தார். இறுதியில் பள்ளியிலிருந்து அவரை நீக்கிவிட்டனர். பாட்டில் இவருக்கு எதிர்காலம் இல்லை, வேறு ஏதேனும் பிழைப்புக்குரிய தொழிலைக் கற்றுக்கொள்வது நலம் என்னும் கருத்துடன் கடிதமும் வந்தது.

அப்போது அவருக்கு ஏறத்தாழ இருபது வயது. அதாவது இன்று நமக்குள்ள வயது. இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எங்களைப் போன்றோர்க்கு ஆசிரியர் வாயிலிருந்து வரும் ஒரு சொல் வெறும் சொல்லன்று, அது தீர்ப்பு. பள்ளி நாள்களில் அறிவியல் பிரிவு உனக்கு ஒத்துவராது என்று ஒருவர் சொன்னதற்காக, ஓராண்டு முழுவதும் நான் வகுப்பில் கை தூக்கியதில்லை. வீட்டில் சென்று சொன்னால், அவர் படித்தவர், அவருக்குத் தெரியாதா என்றுதான் கேட்பார்கள். அந்தத் தீர்ப்பை மாற்றி எழுத மேல்முறையீட்டு மன்றம் எதுவும் எங்கள் தெருவில் இல்லை. லோட்டேயின் வீட்டிலும் இருந்திருக்காது. படித்தவர்கள் சொல்லிவிட்டார்கள், இனி வேலை தேடு என்று தந்தை கூறினால், அதற்கு மறுமொழி கூற அந்தப் பெண்ணிடம் என்ன இருந்திருக்கும்?

ஆயினும் அவர் ஒன்று செய்தார். வேறோர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்.

கைதூக்கிவிட்ட மாலிங்கர்

அந்த ஆசிரியர் மத்தில்டே மாலிங்கர். 1847-இல் ஜாக்ரெப் நகரில் பிறந்த இவர் தம் இளமையில் பெரும் சொப்ரானோவாகத் திகழ்ந்தவர். 1868-ஆம் ஆண்டு மியூனிக் நகரில் வாக்னரின் நியூரம்பர்க் பாடகர்கள் என்னும் இசைநாடகம் முதன்முதலாக அரங்கேறியபோது, அதன் தலைவி ஏவாவாக நடித்துப் பாடியவர் இவரே. குரல் வளம் விரைவிலேயே குன்றிவிட்டதால் பின்னாளில் பாட்டு ஆசிரியையாகப் பணியாற்றி வந்தார்.

நீக்கப்பட்ட மாணவி ஒருத்தி மனம் உடைந்து எழுதிய கடிதத்தை ஓர் ஆசிரியர் பொருட்படுத்தாமல் விட்டிருக்கலாம். அவ்வாறு விட்டிருந்தால் உலகில் எவரும் அவரைக் கேள்வி கேட்டிருக்கப் போவதில்லை. மாலிங்கர் அப்படி விடவில்லை. லோட்டேயை அழைத்துப் பாடச் சொல்லிக் கேட்டார், மாணவியாக ஏற்றுக்கொண்டார். அச்சில் இறுக்கப்பட்ட குரலை மெல்ல மெல்லத் தளர்த்தி, அதன் இயல்பான ஓட்டத்துக்குத் திருப்பினார். பயிற்சிக்கு வேண்டிய பொருளுதவியைக் கொன்ராட் சூ புட்லிட்ஸ் என்னும் பிரபு ஒருவர் செய்தார். ஆக, ஆசிரியர் ஒருவரின் நம்பிக்கையும் வள்ளல் ஒருவரின் கையும் சேர்ந்து, அணைய இருந்த விளக்கை மீண்டும் ஏற்றி வைத்தன.

ஹாம்பர்க்கில் முதல் படி

1910-ஆம் ஆண்டு ஹாம்பர்க் நகர அரங்கில் மொசார்ட்டின் மாயக் குழல் நாடகத்தில் மூன்று சிறுவர்களுள் இரண்டாம் சிறுவனாக லோட்டே முதன்முதலில் மேடை ஏறினார். பெயர் சொல்லும்படியான வேடமன்று. தொடர்ந்து பணிப்பெண், ஏவலாள் என்று சிறுசிறு வேடங்கள். இப்படியே இரண்டு ஆண்டுகள் சென்றன.

1912-இல் வாக்னரின் லோஹென்கிரின் நாடகத்தில் எல்சா என்னும் தலைவி வேடம் அவருக்குக் கிடைத்தது. வாத்தியக் குழுவை நடத்தியவர் ஓட்டோ கிளெம்பெரர். அவரும் அப்போது இருபத்தேழு வயது இளைஞர். கண்டிப்புக்கும் கடுகடுப்புக்கும் பெயர் போனவர். ஒத்திகையில் புதிய பாடகி பட்ட பாடு கொஞ்சமன்று. ஆனால் அன்றிரவு திரை விழுந்தபோது ஹாம்பர்க் நகரம் ஒரு புதிய பாடகியைக் கண்டுகொண்டது. இந்தக் கிளெம்பெரரை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் இவ்வரலாற்றில் அவர் மீண்டும் வருவார்.

வியன்னாவின் செல்வி

1916-இல் லோட்டே வியன்னா அரசவை இசையரங்கில் சேர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் 4-ஆம் நாள் இசைமேதை ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ஆரியாட்னே நாடகம் திருத்திய வடிவில் அங்கே அரங்கேற இருந்தது. அதில் இளம் இசைப்புலவன் என்னும் ஆண் வேடத்தைப் பெண்ணே பாட வேண்டும். அவ்வேடம் மூத்த பாடகியார் ஒருவருக்கு உரியதாக இருந்தது. உடல்நலக் குறைவால் அவர் ஒத்திகைக்கு வர இயலாமல் போகவே, மாற்றாளாக இருந்த லோட்டே அவருக்குப் பதிலாகப் பாடினார். ஒத்திகையைக் கேட்டுக்கொண்டிருந்த ஸ்ட்ராஸ் அந்த வேடத்தை லோட்டேக்கே அளித்துவிட்டார். அரங்கேற்றம் முடிந்த மறுநாள் வியன்னா நகரம் முழுவதும் அவர் பெயர் பரவியது.

அதன்பின் ஸ்ட்ராஸின் புதிய படைப்புகள் பலவும் அவரைத் தேடி வந்தன. 1919-இல் நிழலற்ற பெண் என்னும் நாடகத்தில் சாயக்காரன் மனைவியாகவும், 1924-இல் டிரெஸ்டன் நகரில் இன்டர்மெட்சோ என்னும் நாடகத்தின் தலைவியாகவும் முதன்முதலில் பாடியவர் இவரே. இத்தாலிய மேதை புச்சினியும் 1920-இல் வியன்னாவுக்கு வந்தபோது, தம் சகோதரி ஆஞ்செலிக்கா நாடகத்தில் இவர் பாடியதைக் கேட்டு உளம் மகிழ்ந்தார். அதே அரங்கில் மரியா யெரிட்சா என்னும் பேரழகியும் பாடி வந்தார். இருவருக்கும் இடையே போட்டி கடுமை. இரசிகர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து கைதட்டினர் என்றால் மிகையாகாது.

ஆயினும் லோட்டேயின் பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட வேடம் ஒன்றுண்டு. அது ஸ்ட்ராஸின் ரோசன்கவாலியர் நாடகத்தில் வரும் மார்ஷலின் என்னும் பிரபுகுலப் பெண்மணியின் வேடம். இளைஞன் ஒருவனிடம் அன்பு கொண்ட அவள், ஒருநாள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறாள். முதுமை வந்துகொண்டிருப்பதை உணர்கிறாள். பின்னர் அந்த இளைஞன் தன் வயதுக்கேற்ற பெண்ணை விரும்பும்போது, அழுது ஆர்ப்பாட்டம் செய்யாமல், பெருந்தன்மையோடு விலகி வழிவிடுகிறாள். இந்நாடகத்தில் பெண்கள் பாடும் முதன்மை வேடங்கள் மூன்று: மணப்பெண் சோஃபி, இளைஞன் ஆக்டேவியன், மார்ஷலின். லோட்டே இளமையில் சோஃபியாகவும், பின்னர் ஆக்டேவியனாகவும், 1924-இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் மார்ஷலினாகவும் தோன்றினார். ஒரே நாடகத்தின் மூன்று பெரு வேடங்களையும் பாடி முடித்தார். ஒரு வீட்டின் மூன்று சாளரங்கள் வழியாகவும் தெருவைப் பார்த்தவர்போல், அந்நாடகத்தை முழுமையாக அறிந்தவர் அவர். இந்த அறிவு பிற்காலத்தில் ஆசிரியப் பணியில் அவருக்குக் கைகொடுத்தது.

1927-இல் பீத்தோவன் மறைந்த நூற்றாண்டை ஒட்டி வியன்னாவில் ஃபிடேலியோ நாடகம் நடைபெற்றது. சிறையில் வாடும் கணவனை மீட்க ஆண் வேடம் பூண்டு செல்லும் லியோனோராவாக லேமன் பாடினார். 1935-இல் சால்ஸ்பர்க் விழாவில் டோஸ்கனீனியின் தலைமையில் மீண்டும் அதே வேடத்தில் பாடினார். அதே ஆண்டில் புரூனோ வால்ட்டரின் தலைமையில், லாரிட்ஸ் மெல்கியோருடன் இணைந்து, வாக்னரின் வால்கியூர் நாடகத்தின் முதல் அங்கத்தை வியன்னாவில் இசைத்தட்டாகப் பதிவு செய்தார். அப்பதிவை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மொழி எனக்குப் புரியாது. தட்டின் கரகரப்பும் உண்டு. இருப்பினும் அந்தப் பெண் அஞ்சுகிறாளா, நம்புகிறாளா, மகிழ்கிறாளா என்பது எனக்குத் தெளிவாக விளங்கியது.

அவருடைய பாட்டில் குறையே இல்லை என்று யாரும் கூறவில்லை. ஒரு வாக்கியத்தின் நடுவே அடிக்கடி மூச்சு வாங்குவார். பிற்காலத்தில் மிக உயர்ந்த சுரங்கள் அவருக்குச் சிரமம் தந்தன. குரல் நுட்பத்தில் அவரை விஞ்சியவர்கள் இருந்தார்கள். ஆனால் பாட்டின் சொல்லை உயிருள்ளதாக்கிக் கேட்பவர் நெஞ்சில் இறக்குவதில் அவரை விஞ்சியவர் அரிது.

புயற்காலம்

1933-இல் ஜெர்மனி நாஜிகளின் கைக்குச் சென்றது. 1934-இல் பெர்லின் அரசு அரங்குகளைத் தம் பிடியில் வைத்திருந்த கோரிங், லேமனை அழைத்துப் பேசினார். உடன்பாடு எதுவும் ஏற்படவில்லை. அதன்பின் ஜெர்மனியின் அரங்குக் கதவுகள் அவருக்கு மூடிக்கொண்டன. தாம் நாஜிகளுக்குப் பணிய மறுத்ததே இதற்குக் காரணம் என்று அம்மையார் பிற்காலத்தில் எழுதினார். வரலாற்றாசிரியர் மைக்கேல் கேட்டர், அக்காலக் கடிதங்களை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட நூலில், ஊதியம், சலுகைகள் பற்றிய பேச்சுவார்த்தையும் அதில் பெரும் பங்கு வகித்தது என்று காட்டியுள்ளார். வாழ்க்கை வரலாறு என்பது மாலை மட்டும் சூட்டுவதன்று என்பதால் இரண்டையும் இங்கே குறிப்பிடுகிறேன்.

ஆனால் அடுத்து வந்த துன்பத்தைப் பற்றி இரு கருத்து இல்லை. 1926-இல் லேமன் ஓட்டோ கிரவுசே என்பவரை மணந்திருந்தார். கிரவுசேயின் முதல் மனைவி யூத மரபினர். எனவே அவருடைய நான்கு பிள்ளைகளும் நாஜிகளின் சட்டப்படி ஆபத்துக்குரியோர். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் புகுந்தன. லேமன் இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடிய வியன்னா ஒரே நாளில் அந்நிய நகரமாயிற்று. மே மாதம் 4-ஆம் நாள் லண்டனில் மார்ஷலினாகப் பாடிக்கொண்டிருந்தவர் முதல் அங்கத்தின் நடுவிலேயே குரல் தழுதழுத்து, மேலே பாட இயலாமல் மேடையை விட்டு வெளியேறினார். பார்வையாளர்களுள் ஒருவராக அமர்ந்திருந்த ஹில்டே கோனெட்ஸ்னி என்னும் பாடகியார் விரைந்து உடை மாற்றிக்கொண்டு எஞ்சிய பகுதியைப் பாடி முடித்தார்.

குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. 1939 ஜனவரியில் கணவர் காசநோயால் மறைந்தார். ஐம்பது வயதில், அயல்நாட்டில், அயல்மொழியில் லேமன் வாழ்க்கையை மீண்டும் தொடங்கினார். பிரான்சிஸ் ஹோல்டன் என்னும் உளவியல் அறிஞரின் நட்பு அவருக்குத் துணையாயிற்று. இருவரும் கலிபோர்னியா மாநிலத்தில் கடலோரமாக உள்ள சாண்டா பார்பரா நகரில் குடியமர்ந்தனர். 1934 முதலே பாடி வந்த நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் 1945 வரை பாடினார். அவ்வாண்டில் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார்.

விடைபெற்ற மாலை

1951 பிப்ரவரி 16-ஆம் நாள் நியூயார்க் டவுன் ஹாலில் தனிக் கச்சேரி. இடைவேளையின்போது லேமன் மேடையில் நின்று, இதுவே இந்நகரில் தாம் பாடும் கடைசிக் கச்சேரி என்று அறிவித்தார். அரங்கம் வேண்டாம் வேண்டாம் என்று குரல் எழுப்பியது. மார்ஷலின் கண்ணாடியைப் பார்த்துத் தன் காலம் முடிந்ததை உணர்வதுபோல், தாமும் உணர்ந்துவிட்டதாக அவர் கூறினார். நிறைவாக ஷூபர்ட் இசையமைத்த, இசைக்கு நன்றி கூறும் பாட்டைப் பாடினார். கடைசி அடி வந்தபோது குரல் எழவில்லை. முகத்தை மூடிக்கொண்டார். பியானோ மட்டும் அந்த அடியை வாசித்து முடித்தது. அப்போது அவருக்கு அறுபத்துமூன்று வயது நிறையப் பதினொரு நாள்களே இருந்தன.

பலர் வாழ்க்கை வரலாறு இந்த இடத்தில் முடிந்துவிடும். லேமனின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதன் பின்னரே தொடங்குகிறது.

ஆசிரியர் லேமன்

1947-இல் சாண்டா பார்பராவில் மேற்கு இசைக் கழகம் என்னும் இசைப்பள்ளி தோன்றியது. அதை நிறுவியோருள் லேமனும் ஒருவர். ஹாம்பர்க்கில் அவரை வாட்டி எடுத்த அதே கிளெம்பெரரும் ஒருவர். மேடையிலிருந்து விலகிய பின் லேமன் ஏறத்தாழப் பத்தாண்டு அங்கே பாட்டுத் துறைக்குத் தலைமை தாங்கினார்.

அவருடைய வகுப்பு புதுமையானது. நான்கு சுவர்களுக்குள் ஒருவருக்கு ஒருவராக நடப்பதன்று. மேடையில் மாணவர் பாடுவார். ஆசிரியர் அருகிருந்து திருத்துவார். பொதுமக்கள் எதிரே அமர்ந்து கவனிப்பர். குரலை எழுப்பும் நுட்பத்தை அவர் அதிகம் கற்பிப்பதில்லை. அதற்கு வேறு ஆசிரியர்கள் இருந்தனர். அவர் கற்பித்தது பாட்டின் பொருளை. முதலில் பாட்டின் சொற்களைக் கவிதையாகப் படிக்க வேண்டும். பேசுபவர் யார், எவரிடம் பேசுகிறார், எந்த மனநிலையில் பேசுகிறார் என்பன தெரிய வேண்டும். வாய் திறப்பதற்கு முன் பியானோ ஒலிக்கும் அந்தச் சில நொடிகளிலேயே முகமும் கண்ணும் பாடத் தொடங்கிவிட வேண்டும். பாட்டு முடிந்த பின்னும் பியானோ அடங்கும்வரை உணர்ச்சி கலையக் கூடாது. அவருக்கோ சொப்ரானோக் குரல் போய்விட்டது. ஆகவே தாழ்ந்த ஸ்தாயியில் பாதி பேச்சும் பாதி பாட்டுமாக அவர் செய்துகாட்டுவார். செய்துகாட்டும் அந்த நொடியில் எழுபது வயது மூதாட்டி மறைந்து, பதினாறு வயதுப் பெண் தெரிவாள். 1961-இல் படமாக்கப்பட்ட அவ்வகுப்புகளைப் பார்ப்போர் இதனை இன்றும் காணலாம்.

அவர் வற்புறுத்திய விதிகளுள் தலையாயது, என்னைப்போல் பாடாதே என்பது. தம்மை அப்படியே பின்பற்றும் மாணவரை அவர் விரும்பவில்லை. பாட்டின் பொருளைத் தாமே கண்டு, தம் வழியில் பாடுமாறு தூண்டினார். இவ்விதி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கம் தேவையில்லை. எல்லாக் குரலுக்கும் ஒரே அச்சு என்ற பள்ளியில் தம் குரலையே இழக்க இருந்தவர் அவர். அந்தக் காயத்தை அவர் பாடமாக மாற்றிக்கொண்டார்.

பம்ப்ரியின் வருகை

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1937-இல் கிரேஸ் பம்ப்ரி என்னும் கறுப்பினப் பெண் பிறந்தார். தந்தை ரயில்வே சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். பம்ப்ரி பதினேழாம் வயதில் வானொலிப் பாட்டுப் போட்டி ஒன்றில் முதற்பரிசு வென்றார். பரிசின் ஒரு பகுதி, அந்நகர இசைக் கல்வி நிலையத்தில் படிப்பதற்கான உதவித்தொகை. ஆனால் அந்நிலையம் கறுப்பின மாணவியைச் சேர்க்க மறுத்தது. மற்றவர்களோடு சேர்க்காமல் தனியாக வேண்டுமானால் சொல்லித்தருகிறோம் என்றது. அவருடைய தாயார் அந்த இழிவை ஏற்கவில்லை.

பின்னர் பம்ப்ரி நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, அங்கே வகுப்பு நடத்த வந்த லேமன் அவர் பாட்டைக் கேட்டார். உடனே சாண்டா பார்பராவுக்கு அழைத்தார். ஒரு கோடை விடுமுறைக்கு என்று சென்ற பம்ப்ரி மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவரிடம் பயின்றார். பம்ப்ரியின் குரல் எந்த வகையைச் சேர்ந்தது என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை எழுந்தது. சற்றுத் தாழ்ந்த மெஸ்ஸோ சொப்ரானோ என்றார் லேமன். உயர்ந்த சொப்ரானோ என்றார் குரல் ஆசிரியர் ஆர்மண்ட் டோகாட்யான். பம்ப்ரி முதலில் மெஸ்ஸோவாகப் புகழ் பெற்று, பின்னாளில் சொப்ரானோ வேடங்களையும் வென்றெடுத்து, இரண்டு ஆசிரியர்களையும் மெய்ப்பித்தார்!

1961-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பைராய்ட் நகரில், வாக்னர் தமக்கென்றே கட்டிய அரங்கில், டான்ஹாய்சர் நாடகத்தின் வீனஸ் தேவதையாகப் பம்ப்ரி பாடினார். அவ்வரங்கில் பாடிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர். காதல் தேவதையாகக் கறுப்பினப் பெண்ணா என்று எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. திரை விழுந்ததும் அரை மணி நேரம் கரவொலி ஓயவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட முறை கலைஞர்களைத் திரைக்கு முன் அழைத்தனர். இனத்தைக் காரணம் காட்டி ஒரு நாட்டில் பள்ளி மறுக்கப்பட்ட பெண், இனவெறியால் ஓர் ஆசிரியரை இழந்த இன்னொரு நாட்டில் வெற்றி முடி சூடினாள். இரண்டு நாடுகளையும் இணைத்த பாலம் அந்த ஆசிரியர்தான்.

மர்லின் ஹார்ன் போன்ற வேறு பல பெரும் பாடகியரும் லேமனின் வகுப்பில் அமர்ந்தவர்களே. 1955-இல் போரில் சிதைந்த வியன்னா இசையரங்கம் மீண்டும் கட்டித் திறக்கப்பட்டபோது லேமன் சிறப்பு விருந்தினராக அங்கே அமர்ந்து ஃபிடேலியோவைக் கேட்டார். 1962-இல் மெட்ரோபாலிட்டன் அரங்கில் ரோசன்கவாலியர் நாடகத்தை இயக்கவும் செய்தார். நூல்கள் எழுதினார், ஓவியம் தீட்டினார். 1976 ஆகஸ்டு 26-ஆம் நாள் சாண்டா பார்பராவில் தம் எண்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். வியன்னாவின் மத்திய இடுகாட்டில் சிறப்புக்குரியோர் பகுதியில் அவர் துயில்கிறார். அவர் பாட்டைப் புகழ்ந்து ஸ்ட்ராஸ் கூறிய சொற்களே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. பம்ப்ரியும் 2023 மே மாதம் அதே வியன்னா நகரில்தான் மறைந்தார்.

நாம் பெறுவது

மாலிங்கர், லேமன், பம்ப்ரி: மூன்று தலைமுறை. மாலிங்கர் அன்று அந்தக் கடிதத்துக்கு விடை எழுதாதிருந்தால் லேமன் இல்லை. லேமன் இல்லையேல் பம்ப்ரிக்கு வேறு கதவு எப்போது திறந்திருக்குமோ! பள்ளி விலக்கிய ஒருவரை ஓர் ஆசிரியர் ஏற்றுக்கொண்டால், அந்த ஏற்பு ஒருவரோடு நிற்பதில்லை. அது அடுத்தவருக்கும் போய்ச் சேர்கிறது.

ஆதலின் மாணவ நண்பர்களே, உங்களால் முடியாது என்று யாரேனும் கூறினால் அதனை ஒரு கருத்தாகக் கேட்டுக்கொள்ளுங்கள், தீர்ப்பாக ஏற்காதீர்கள். இன்னொரு கடிதம் எழுதுங்கள். நம்முள் பலர் நாளை ஆசிரியப் பணிக்குச் செல்லவிருக்கிறோம். எங்கோ ஒரு சிற்றூர்ப் பள்ளியின் கடைசி வரிசையில் வாய் திறக்க அஞ்சும் பிள்ளை ஒன்று நமக்காகக் காத்திருக்கும். அன்று நாம் அச்சோடு போகப் போகிறோமா, மாலிங்கரைப்போல் கேட்கும் செவியோடு போகப் போகிறோமா என்பதை இன்றே எண்ணிப் பார்ப்போமாக.